எழுத்தைச் சிரைத்த டயரில் கோல சிலாங்கூர் வரை

போன மாதம் அக்காவுக்கு ஏழாம் மாதம். ஒரு சனிக்கிழமை, கோல சிலாங்கூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடத்தி, அன்றைக்கே அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. புக்கிட் செந்தோசாவிலிருந்து அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் எங்கள் பழைய காரில் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ரவாங், பத்து ஆராங், பத்தாங் பெர்ஜுந்தை வழியாகப் பழைய ரோட்டில் போனால் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். டோல் கிடையாது. ஆனால் பாதி வழிக்கு மேல் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். கார் நின்றுவிட்டால் உதவிக்கு ஆள் வர நேரமாகும்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு மினி மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறேன். தேதி முடிந்த டின்களைத் தேடி எடுப்பதும் என் வேலை. சில சப்ளையர்கள் தேதியைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு, "மழையில் அழிஞ்சிருச்சு" என்பார்கள். மழை தேதியை மட்டும் பார்த்து நனைக்காது. அதனால் எனக்கு எதையும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

எங்கள் காரின் டயர்கள் வழுக்கையாகி, ஒன்றில் கம்பி எட்டிப் பார்த்தது. பிள்ளைத்தாச்சியை இதில் ஏற்றக்கூடாது என்று அப்பாவே சொன்னார். பத்து ஆராங் தாண்டி, தோட்டத்து ரோட்டோரம் சிவா அங்கிளின் டயர் கடை இருக்கிறது. அப்பாவும் அவரும் தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். லயத்து ஆளிடம் வாங்கும்போது பொருளைத் தட்டிப் பார்த்தால், அவரையே தட்டிப் பார்த்த மாதிரி ஆகிவிடும். போகிற வழியில் அப்பா காரை அங்கே விட்டுவிட்டு எதிரில் டீ குடிக்கப் போனார். நாலு டயரும் சேர்த்து இருநூற்று நாற்பது வெள்ளி. ரவாங்கில் கேட்ட விலையில் பாதிகூட இல்லை. கறுகறுவென்று பாலீஷ் போட்டு மாட்டியிருந்தார்கள். பழைய டயர்களைக் கடையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தோட்டத்து முனியாண்டி கோயில். புது டயர் என்றால் பூஜை போடாமல் எங்கள் அப்பா நகரமாட்டார். பூசாரி எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். டயருக்குச் சந்தனம் வைப்பது என் பங்கு. விரலால் தடவினேன். சந்தனம் பொட்டாக நிற்காமல் மெல்லிய கோடு கோடாக இறங்கியது. அரைவட்டமாக, நெருக்கமாக, மெஷினால் தேய்த்த கோடுகள். இரண்டாவது டயரிலும் அப்படித்தான். கம்பெனிப் பெயர் இல்லை, சைஸ் இல்லை, எண் எதுவும் இல்லை. பின்னால் கிடந்த ஸ்பேர் டயரைப் பார்த்தேன். பழசாக இருந்தாலும் அதில் எல்லா எழுத்தும் அச்சாக நின்றது.

அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அம்மா அப்பாவிடம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அப்பா சிவா அங்கிளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"புது ஸ்டாக்தான் லா மச்சான். கொம்பெனி பேரோட வித்தா விலை ஏறிடும். நம்ம ஆளுங்களுக்குன்னுதான் பேரை எடுத்துட்டுக் குடுக்கறேன்."

"கேட்டியா?" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

கேட்டேன். பெயரை எடுத்ததற்குக் காரணம் சொன்னார். சைஸையும் தேதியையும் ஏன் எடுத்தார் என்பதற்குக் காரணம் வரவில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் அப்பா காரை நகர்த்திப் பழத்தை நசுக்கிவிட்டார். இனி அந்த டயரைக் கழற்றுவது சாமி குத்தம். எங்கள் ஊர்ப்பக்கம் இப்படித்தான், பூஜை முடிந்தால் பொருளும் நல்லதாகிவிடும்.

அதற்குப் பிறகு நான் வெளியே எதையும் ரசிக்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியதும் மழை. காதை ஜன்னல் பக்கம் வைத்துச் சக்கரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். புக்கிட் ரோத்தான் அருகில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று சட்டென்று நின்றது. அப்பா பிரேக் போட்டார். கார் நிற்காமல் பக்கவாட்டில் நழுவி, லோரிக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றது. அம்மா மடியிலிருந்த தட்டு கவிழ்ந்து வளையல்கள் சிதறின. அப்பா ஸ்டேரிங்கை விடாமல், "ரோட்டுல எண்ணெய்" என்றார். எண்ணெயாகவும் இருக்கலாம். ஆனால் திரும்பி வரும்போது இதே இடத்தில் அக்கா உள்ளே இருப்பாள்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. அக்காவின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். சாப்பாடு முடிந்து, தாம்பூலப் பைகளை அம்மா காரில் ஏற்றினார். மாமியார் வீட்டார் பத்துப் பதினைந்து பேர் வழியனுப்ப வாசலில் நின்றார்கள். அக்கா கதவருகே வந்துவிட்டாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமுடியாது.

எங்கள் கடையில், டின்னின் முன்பக்கம் தேதியை அழிக்கிறவர்கள் அடிப்பக்கத்தை மறந்துவிடுவதுண்டு. நான் புது பஞ்சாபி சூட்டோடு தரையில் படுத்து, போன் வெளிச்சத்தோடு காருக்கு அடியில் நுழைந்தேன்.

"என்னாங்க சம்பந்தி, சின்னப் பொண்ணை மெக்கானிக் படிக்க வெச்சிருக்கீங்களா?" என்று அக்காவின் மாமியார் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். என் காலைத் தவிர வேறு எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

முன்சக்கரங்களின் உள்பக்கத்தையும் சிரைத்திருந்தார்கள். பின் இடது சக்கரம், அதுவும் அப்படியே. பின் வலது சக்கரத்தில் அவசரத்தில் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சேற்றை விரலால் வழித்தேன். நாலு எண்கள் இருந்தன. சாப்பிடும்போது போனில் தேடிப் படித்திருந்தேன்: முதல் இரண்டும் டயர் செய்த வாரம், கடைசி இரண்டும் வருடம். கடைசி இரண்டு எண்கள் ஒன்று, மூன்று.

"அப்பா, இங்க வந்து பாருங்க."

அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து படுத்தார். எண்களைப் பார்த்தார். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் நான் பாலர் பள்ளியில் இருந்தேன்.

வெளியே வந்ததும், "பூஜை போட்டாச்சே" என்றார், யாரையும் பார்க்காமல்.

அம்மா நடந்ததைச் சொல்ல, அக்கா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பூஜை காருக்குப் போட்டதுதானப்பா? சிவா அங்கிளுக்கா போட்டீங்க?"

மாமியார் மறுபடி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, அக்காவின் கணவரை மட்டும் கூட்டிக்கொண்டு, ஊருக்குள் இருந்த டயர் கடைக்குக் காரை மெல்ல ஊரவிட்டுப் போனார். நாலும் மாற்றினார். கழற்றியபோது ஒரு டயரின் உள்சுவரில் கையை வைத்தால் தெரியும் அளவு விரிசல் இருந்ததாம். திரும்பி வந்து அதை அம்மாவிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. இருட்டிவிட்டதால் அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே ரோட்டில் திரும்பினோம். எண் இருந்த டயரை மட்டும் அப்பா காரின் பின்னால் போட்டு எடுத்து வந்திருந்தார். சிவா அங்கிள் கடை வாசலில் காரை நிறுத்தி, அதை இறக்கி, அவர் காலடிக்கு உருட்டிவிட்டார்.

"என்ன மச்சான், ஒரு போன் போட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பேன்ல?"

"எதைக் குடுப்பே?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

கடைக்குள் ஒரு பள்ளி வேன் ஜாக்கியில் நின்றது. பக்கத்துச் சுவரில் எழுத்தில்லாமல் வழவழவென்று நாலு டயர்கள் சாய்ந்திருந்தன. வேன்காரர் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா காரில் ஏறிவிட்டார். நான் ஏறவில்லை. வேன்காரரிடம் போனேன். முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. அவரிடம் சொன்னதைத்தான் இந்த வழியில் வருகிற உங்களுக்கும் சொல்கிறேன்.

டயரில் சைஸும், எடை தாங்கும் எண்ணும், வாரமும் வருடமும் இருக்கவேண்டும். வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கம் பாருங்கள், மாட்டுவதற்கு முன்னால். சிரைத்த இடத்தில் ரப்பர் மெலிந்திருக்கும். பளபளப்பை நம்பவேண்டாம், பாலீஷ் மலிவு. எண் இல்லாத டயர் எப்போது செய்தது, ஏன் ஒதுக்கப்பட்டது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்லமுடியாது. விற்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் கேளுங்கள். கோபப்பட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

இவ்வளவையும் நான் கோர்வையாகச் சொல்லவில்லை. "உள்பக்கம் பாருங்க அங்கிள், நம்பர் இருக்கான்னு" என்பதுதான் வாயில் வந்தது. சிவா அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓடிவந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேன்காரர் அந்த டயர்களை வாங்கினாரா என்று தெரியாது. கார் கிளம்பும்போது போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, முதல் டயரைச் சுவரிலிருந்து தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.