மகாபலேஷ்வரில் பேச்சியம்மாள் மடியில் ஏறிய தண்ணீர்

வேனில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் நாத்தனார் பேச்சியம்மாள், எங்கள் தெருக் கொடைத் திருவிழாவுக்குப் பொறுப்பாளனான மகேந்திரன், அவன் மனைவி, டிரைவர் பாண்டுரங். வேறு சாட்சி இல்லை.

தாராவியில் எங்கள் அம்மனுக்கு வரும் செவ்வாய்க்கிழமை கொடை. கிருஷ்ணா நதி பிறக்கும் இடத்திலிருந்து தீர்த்தம் எடுத்துவந்து அபிஷேகம் செய்வதாக இந்த வருடம் நேர்ந்திருந்தோம். தீர்த்தச் செம்பு எடுப்பவள் பேச்சியம்மாள். காப்புக் கட்டி, ஒரு வேளைச் சாப்பாட்டோடு, செருப்பில்லாமல் வந்தாள். செம்பைத் தரையில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

போன ஞாயிறு காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். சுமார் 260 கிலோமீட்டர். வேன் வாடகை 9,500, டோல் தனி. பாஞ்ச்கணி தாண்டியதும் வரும் பள்ளத்தாக்கை நான் குறை சொல்லமாட்டேன். கோபத்தில் இருப்பவளுக்கும் அது அழகுதான். பத்தரைக்கு மகாபலேஷ்வர் பஜார். அங்கிருந்து பழைய மகாபலேஷ்வர் கோயில் ஆறே கிலோமீட்டர். முன்பு ஒருமுறை போயிருக்கிறேன். கருங்கல் கோயில், கிருஷ்ணா உட்பட ஐந்து நதிகள் கலந்து கல் பசுவின் வாயிலிருந்து கொட்டும். கை வைத்தால் விரல் மரத்துப்போகும்.

மகேந்திரன் வேனை அங்கே போக விடவில்லை. முதலில் மலை விளிம்பில் வேடிக்கை பார்க்கும் கேட்ஸ் பாயிண்ட். பிறகு ஸ்ட்ராபெரித் தோட்டம், கிரீம் போட்டது ஒரு கோப்பை 150. பிறகு படகு. ஒவ்வொரு இடத்திலும் அவனும் அவன் மனைவியும் போட்டோ எடுத்தார்கள். பேச்சியம்மாள் வெறுங்காலோடு வேனுக்குள்ளேயே செம்பும் கையுமாக இருந்தாள். கடைசியில் சூரியன் மறைவதைப் பார்க்க மும்பை பாயிண்ட். மும்பையிலிருந்து போய் மும்பை பாயிண்ட்! கோயிலை முதலிலேயே முடித்திருக்க வேண்டும் என்று டிரைவரே இந்தியில் முணுமுணுத்தார்.

"சித்தி, வேன் போனா டிராபிக்ல மாட்டும். டீக்கடைக்காரன் பைக்கு இருக்கு, நான் கோயிலுக்குப் போய் தீர்த்தம் எடுத்தாந்துருதேன்" என்றான் மகேந்திரன்.

"நானும் வாரேன்யா" என்றாள் பேச்சியம்மாள்.

"பின்னால உக்காந்து உழுந்துராதீங்க அத்தை. இங்கன இருங்க."

நம்பிச் செம்பைக் கொடுத்தாள். பத்தே நிமிடத்தில் செம்பு நிரம்பி வந்தது. போக வர பதினைந்து கிலோமீட்டராவது இருக்கும் மலை ரோடு! முகர்ந்து பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் வாசனை. அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"எந்தக் குழாயில பிடிச்சலே?"

"டீக்கடைலதான். அதுவும் இந்த மலைத் தண்ணிதான சித்தி! சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும்ல. அதான எனக்குப் பயமே!"

"கத்தாதீங்க, அத்தை காதுல விழும்" என்றான். அந்த ஒன்றுக்காகத்தான் வாயை மூடினேன். தாராவி வரும்வரை ஏழு மணி நேரம், கால் மரத்துப்போயும், பேச்சியம்மாள் அந்தக் குழாய்த் தண்ணீரை மடியை விட்டு இறக்கவில்லை. இப்போதும் அதற்கு விளக்கேற்றிக் கும்பிடுகிறாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோயிலை முதலில் முடியுங்கள். பாயிண்டுகள் எங்கும் போய்விடாது. நேர்த்திக்கடன் பயணத்தையும் போட்டோ எடுக்கும் பயணத்தையும் ஒரே வேனில் ஏற்றாதீர்கள்.

மகேந்திரா, உனக்குத் தமிழ் வாசிக்க வராது. உன் அம்மாவை வாசித்துக் காட்டச் சொல். சனிக்கிழமை விடிகாலை பஸ்ஸில் நான் மறுபடி போகிறேன். பேச்சியம்மாளும் வந்தாக வேண்டும். அதற்கு முன் அவளிடம் உண்மையைச் சொல்லப்போவது நீயா, நானா? நாளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்.