பதிவாளர் கண்ணை மூடி யோசித்த படம்

பல்கலைக்கழக இணையதளத்தில் படம் ஏற்றுவது அவள் வேலை. பார்வையில்லாத மாணவர்களுக்குக் கணினி எழுத்தைப் படித்துச் சொல்லும். படம் வந்தால் திணறும். அதனால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் வெளியே தெரியாமல் ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். யாரும் சீண்டாமல் கிடந்த அந்த வேலை, சுற்றிச் சுற்றி அவள் தலையில் வந்து விழுந்தது.

குறும்பு அவளுக்குப் பிறவிக்குணம். வீட்டுக்காரர் சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கிளம்பினால், தெருமுனை வரை போகவிட்டுத்தான் கூப்பிடுவாள். ஆபீஸில் மட்டும் அடக்கி வாசித்தாள். ‘மேடையில் ஐந்து பேர்’ என்பதற்கு மேல் எழுதமாட்டாள்.

ஒருநாள் பார்வையில்லாத சட்ட மாணவி ஒருத்தி அவள் மேஜையைத் தேடி வந்தாள்.

“அக்கா, மேடையில அஞ்சு பேர்னு போட்டிருக்கீங்களே, என்ன பண்றாங்க?”

“உட்கார்ந்திருக்காங்கம்மா.”

“சும்மாவா?”

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். “ஒருத்தர் தூங்குறார்.”

“கண்ணு தெரியறவங்க அதைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க. எங்ககிட்ட மட்டும் ஏன்க்கா மறைக்கறீங்க?”

நியாயமாகத்தான் பட்டது. உடனே மாற்றி எழுதினாள்: ‘கருத்தரங்கம். பதிவாளர் வாயைத் திறந்து தூங்குகிறார். பக்கத்தில் இருப்பவர் அவருடைய பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் நகர்த்துகிறார்.’ அன்று விடுதியில் அந்த மாணவியின் அறையே சிரித்து உருண்டது. அதற்கப்புறம் குறிப்பு எழுதும் அவள் கை அடங்கவில்லை.

படம் திறக்காவிட்டால் அந்த இடத்தில் குறிப்பு எழுத்தாகத் தெரியும். துறைத்தலைவர்கள் கூட்டத்தில் பெரிய திரையில் இணையதளத்தைக் காட்டியபோது, சர்வர் மக்கர் பண்ணி ஒரு படமும் திறக்கவில்லை. பதிவாளரே சத்தமாக வாசித்தார். “கருத்தரங்கம். பதிவாளர் வாயைத் திறந்து...” அதோடு நிறுத்திக்கொண்டார். மீதியை மனசுக்குள் வாசித்தவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே போனாள்.

“ஏம்மா, நான் தூங்கினதா யார் சொன்னது? கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்.”

“தெரியாம எழுதிட்டேன் சார். மாத்திடறேன்.”

மாற்றினாள்: ‘பதிவாளர் கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாற்காலியில் சரிந்து யோசிக்கிறார்.’

அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. “ம், இப்ப சரியா இருக்கு” என்றார்.

அதிலிருந்து மேடையில் யாரும் கண் அசரவில்லை. கேமராவைக் கண்டாலே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போரடிக்கிறது என்று மாணவி குறைப்பட்டுக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் பதிவாளரே அவள் மேஜைக்கு வந்தார். “இன்னிக்கு விழாவுக்குப் புதுக் கோட்டு போட்டிருக்கேன். அதையும் சேர்த்து எழுதுங்க.”

எழுதினாள்.

மறுநாளும் அதே கோட்டோடு வராந்தாவில் வந்தவரை மாணவி குரலை வைத்துக் கண்டுபிடித்து நிறுத்தினாள்.

“சார், இடது கையில விலைச்சீட்டு தொங்குது. எடுத்துடுங்க.”

அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். தொங்கியது. “உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“படத்துல பார்த்தேன் சார்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.