பின் இருக்கையில் டூரிட்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று எங்கள் சார்ப்ஸ்போர்க்கில் பக்தி உள்ளவர்கள் தேவாலயத்துக்குப் போவார்கள், மற்றவர்கள் சுவீடனுக்குப் போவார்கள். இரண்டாவது கூட்டம்தான் பெரியது. நார்வேயில் அன்று கடையடைப்பு. எல்லைப் பாலத்தைத் தாண்டினால் அங்கே எல்லாம் திறந்திருக்கும், விலையும் மட்டு. பன்றிக்கறிக்காக நாடு விட்டு நாடு ஓடுகிறார்கள் என்று நம்மைக் கேலி செய்து எழுதுகிற பத்திரிகைக்காரர்களையும் அந்த வண்டி வரிசையில் பார்க்கலாம். கொஞ்சம் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

டூரிட் ஒருநாளும் குனிந்ததில்லை. ஓய்வு பெறும்வரை பல் மருத்துவமனையின் முன் மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற ஊரையே சமாளித்தவள் அவள். சின்னச் சின்னச் சந்தோஷங்களுக்கு வெட்கப்படுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. மாதம் ஒருமுறை சுவீடன், செவ்வாய்க்கிழமை பகல் காட்சி சினிமா, நூலகத்திலிருந்து பை நிறையப் புத்தகம் என்று வாழ்க்கையை வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் குட்னியும் மோல்ஃப்ரிட்டும் கூட வருவார்கள்.

குட்னி பேக்கரியில் வேலை பார்த்தவள். மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல், தேவாலயத்திலும் இறங்காது. மோல்ஃப்ரிட் அதற்கு நேர் எதிர். பண்ணையில் பிறந்தவள், கேட்டால் பதில் சொல்வாள். சுவீடன் பயணத்தில் குட்னி முன் இருக்கை, மோல்ஃப்ரிட் பின் இருக்கை, மடியில் பின்னல் ஊசி. வண்டி டூரிட்டுடையது, ஓட்டுவதும் அவள்தான்.

கடையில் மிட்டாய்ப் பெட்டிகளுக்கு முன்னால் மட்டும் அரை மணி நேரம் ஆகும். ருசி பார்க்கக் கூடாது என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கும் இடத்துக்கு நேர் கீழே நின்றுதான் குட்னி ருசி பார்ப்பாள். ஈஸ்டர் என்றால் கொலைக்கதையும் உண்டு. அந்த வாரத்தில் ஊரே கொலைக்கதை படிக்கும், பால் பெட்டியில்கூட ஒரு குட்டிக் கொலை அச்சடித்திருப்பார்கள். மூன்று பேரும் ஒரே நாவலைப் படிப்பார்கள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, சனிக்கிழமை மோல்ஃப்ரிட் வீட்டில் வாஃபிள் தின்றுகொண்டே கொலைகாரன் யார் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். பாதிரியார் எந்தக் கதையில் வந்தாலும் குட்னி அவர் மேல்தான் பழி போடுவாள். டூரிட் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு அவள் காட்டும் அலட்டல் தாங்காது.

அப்படிப்பட்டவளுக்குக் கண் மங்கியது. பிப்ரவரியில் ஒருநாள் எதிரே வருகிறவர்களின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ நின்றது. ஓரங்கள் எல்லாம் தெரிந்தன, நடுவில்தான் ஒன்றும் இல்லை. ஊசி போட்டு மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், போன பார்வை திரும்பாது என்றார் கண் டாக்டர். கடைசியில், “இனிமேல் வண்டி ஓட்டாதீங்க, அது சட்டம்” என்றார்.

டூரிட் அழவில்லை. அவள் மனதில் முதலில் வந்தது வேறு கவலை. இனி குட்னியும் மோல்ஃப்ரிட்டும் எதற்காக என்னிடம் வருவார்கள்?

இது பைத்தியக்கார எண்ணம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவர்கள் மூவரின் பழக்கம் ஆரம்பித்ததே வண்டியில்தான். கணவன் ட்ராம்மன் நகரில் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு, டூரிட் இந்தத் தெருவுக்குத் தனியாகக் குடி வந்தாள். யாரையும் தெரியாது. குளிர்காலத்தின் முடிவில் ஒருநாள் இந்த இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். குட்னி வணக்கம்கூடச் சொல்லவில்லை. “உங்க வண்டி டிக்கி பெருசாமே, சுவீடன் போக வர்றீங்களா?” என்றாள். அன்று தொடங்கியதுதான். டிக்கி இல்லாத டூரிட்டை அவர்கள் பார்த்ததே கிடையாது.

அதனால் சொல்லாமல் மறைத்தாள். மார்ச் மாதப் பயணத்துக்குக் காய்ச்சல் என்றாள். சினிமாவில்தான் பெரும்பாடு. நம் ஊரில் வெளிநாட்டுப் படத்துக்கு யாரும் குரல் கொடுத்து மாற்றுவதில்லை, கீழே எழுத்து ஓடும். கொரியாக்காரன் திரையில் என்ன பேசினான் என்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்த பிறகு டூரிட்டும் சிரித்தாள். ஒரு சாவு வீட்டுக் காட்சியில் யாரோ தும்மியதைச் சிரிப்பு என்று நினைத்து இவளும் சிரித்து வைத்தாள். “உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதுடி” என்றாள் குட்னி. ஈஸ்டர் நாவலில் மூன்றாம் பக்கத்தைக்கூட அவள் தாண்டியிருக்கவில்லை.

பெரிய வியாழன் காலையில் இருவரும் கறி வாங்கிவரக் குளிர்ப்பைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மோல்ஃப்ரிட் வழக்கம் போலப் பின் இருக்கையில் ஏறி ஊசியை எடுத்துவிட்டாள். டூரிட் வண்டிக்கு வெளியே சாவியைப் பிடித்தபடி நின்றாள். இந்தச் சாலை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் அளவுக்குப் பழக்கம்தானே என்று ஒரு நிமிடம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. தெருவில் குழந்தைகள் சைக்கிள் விடும் சத்தம் கேட்டது. அந்த எண்ணத்துக்காகப் பிறகு வெகுநாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“வண்டி கிளம்ப மாட்டேங்குது” என்றாள்.

“என்னது? சாவியக் குடு.”

“நீ என்ன மெக்கானிக்கா?”

“மாவு மெஷினோட காலம் பூரா மல்லுக்கட்டினவ நான். குடுடி இப்படி.”

குட்னி சாவியைப் பிடுங்கித் திருகினாள். வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. போதாததற்குக் கண்ணாடி துடைப்பானும் ஆட ஆரம்பித்தது.

“நல்லாத்தானே கிளம்புது?” குட்னி வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள். அவள் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. “ஏண்டி, எங்கள கூட்டிட்டுப் போக இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடு. போன மாசம் காய்ச்சல்னு சொன்ன. சினிமா முடிஞ்சா காபிக்குக்கூட நிக்காம ஓடுற. இப்ப வண்டி மேல பழி. நாங்க என்னடி தப்பு பண்ணோம்?”

இதை டூரிட் எதிர்பார்க்கவில்லை. தான் கைவிடப்படுவோம் என்று பயந்தவள், அவர்களை விட்டுவிட்டவளாக நின்றாள்.

“கண்ணு போச்சு, குட்னி” என்றாள். “உன் மூஞ்சிகூட எனக்கு இப்ப தெரியல. வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. புத்தகமும் படிக்கல, படத்துல எழுத்தும் தெரியல. கடைசி வீட்டு ஓட்வார்கிட்ட கேளுங்க. அவன் வண்டிலயும் டிக்கி பெருசுதான்.”

“டிக்கியா? கண்ணு போச்சுங்குறா, அப்புறம் டிக்கிங்குறா. என்னடி உளர்ற?”

“அதுக்காகத்தானே வந்தீங்க?” என்று கேட்டபோது டூரிட்டுக்கு அழுகை வந்துவிட்டது. கண் போனதற்கு வராத அழுகை, இதற்கு வந்தது. “அன்னைக்கு வாசல்ல வந்து அதத்தானே கேட்டீங்க?”

குட்னி பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். மோல்ஃப்ரிட் பின்னலைச் சுருட்டிப் பையில் வைத்தாள், இறங்கினாள், சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள்.

“நீ பின்னாடி ஏறு” என்றாள் டூரிட்டிடம்.

“உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“பால் லாரி ஓட்டியிருக்கேன்.”

“லைசென்ஸ்?”

“இருக்கு. எப்பவுமே இருந்துச்சு. நீ இந்தத் தெருவுக்கு வந்தப்ப எங்கிட்ட ஒரு சிவப்பு வண்டிகூட இருந்துச்சு. அதுலதான் நானும் குட்னியும் சுவீடன் போய்ட்டிருந்தோம்.”

டூரிட் கதவைப் பிடித்தபடி நின்றாள். “அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?”

“பின்ன எப்படி வர்றது?” என்று பொரிந்தாள் குட்னி. “அந்தக் குளிர்காலம் பூரா உன் ஜன்னல்ல வெளிச்சமே இல்ல. புருஷன் போனவன்னு தெருவுக்கே தெரியும். சும்மா வந்து கதவத் தட்டி, ஏம்மா அழறியான்னு கேக்க முடியுமா?”

முடியாது. எங்கள் ஊரில் முடியவே முடியாது. காரணம் இல்லாமல் அடுத்தவர் கதவைத் தட்டுவது திருட்டுக்குச் சமம். ஏணி வேண்டும், சர்க்கரை வேண்டும், தபால் மாறி வந்துவிட்டது என்று ஏதாவது ஒரு சாக்கு கையில் இருக்க வேண்டும். மரியாதை பார்த்தே மனிதர்களைத் தனியாகச் சாக விடுகிற ஜனங்கள் நாங்கள். எனக்கு இதில் கோபம்தான், ஆனால் நானும் தட்டியதில்லை.

“உன் வாசல் வழியா எத்தனை தடவை நடந்திருப்போம் தெரியுமா?” என்றாள் குட்னி. “சர்க்கரை கேட்டா ஒரு கிண்ணம் குடுத்துட்டு கதவச் சாத்திடுவ. சாத்த முடியாத மாதிரி ஒண்ணு கேக்கணும். அப்பதான் இவ சொன்னா, டிக்கின்னு.”

“அந்தச் சிவப்பு வண்டி என்ன ஆச்சு?”

“அடுத்த மாசமே வித்துட்டேன்” என்றாள் மோல்ஃப்ரிட். “அது இருந்தா உங்கிட்ட வந்து கேக்கறதுக்குக் காரணம் இருக்காதே.”

டூரிட் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. “இத்தன வருஷமா பனியிலயும் மழையிலயும் நான் முதுகொடிய ஓட்டறேன், நீ பின்னால உக்காந்து சாக்ஸ் பின்னிட்டிருந்தியா, கள்ளி!”

“நல்லாத்தான் ஓட்டின” என்றாள் மோல்ஃப்ரிட்.

மோல்ஃப்ரிட் பால் லாரி ஓட்டுகிறவள் மாதிரியேதான் ஓட்டினாள். வளைவுகளில் குளிர்ப்பைகள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடின. பாலத்துக்கு முன்னால் வண்டி வரிசை நகராமல் நின்றபோது, குட்னி ஈஸ்டர் நாவலை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். மழை வர்ணனை வந்தால் “மழை பெய்யுது, அவ்வளவுதான்” என்று பக்கத்தைத் திருப்பினாள். பாதிரியார் வரும் இடத்தில் மட்டும் குரலில் சந்தேகத்தைக் கலந்தாள். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, கொஞ்சம் சத்தமாக என்றார். இதற்குமேல் சத்தமா என்று டூரிட் பின்னாலிருந்து கத்தினாள்.

பின் இருக்கையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து முகங்கள் தெரியாவிட்டாலும் இரண்டு தலைகளின் ஓரம் தெரிந்தது. ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது, இன்னொன்று அசையவில்லை. எனக்கு இவர்கள் கிடைத்தார்களே, எனக்குப் போய் இவர்கள் கிடைத்தார்களே என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தாள். போனது கண்தானே என்று சொல்லிவிடும் அளவுக்கு அவள் ஞானி இல்லை. கடையில் விலைச்சீட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை அழுதாள். குட்னி அந்தச் சமயம் பார்த்து அவள் பையில் உப்பு மிட்டாயை அள்ளிப் போட்டுவிட்டாள். அது டூரிட்டுக்கு ஜன்மப் பகை. வீட்டுக்கு வந்து வாயில் போட்ட பிறகுதான் தெரிந்தது, தெருமுனை வரை கேட்கத் திட்டினாள்.

சனிக்கிழமை வாஃபிளும் விசாரணையும் ஆயிற்று. ஞாயிறு மழையில் போயிற்று. திங்கட்கிழமையும் விடுமுறை. காலையில் டூரிட் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மோல்ஃப்ரிட் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது. திருப்பிக் கொடுக்க அங்கிருந்து வாங்கி வந்த பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று சமையலறையில் தேடினாள். இல்லை. கேக் செய்து எடுத்துப் போகலாமா என்று மாவு டப்பாவைத் திறந்தாள். திறந்தவள், அதை அப்படியே மூடி வைத்துவிட்டு கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு தெரு தாண்ட வேண்டும். ஈரப் பாதையில் சுவரோரமாக, மெதுவாக நடந்தாள். கதவைத் தட்டும்போது கல்யாணத்தன்று படபடத்த மாதிரி நெஞ்சு படபடத்தது.

மோல்ஃப்ரிட் கதவைத் திறந்தாள். “என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம்.”

மோல்ஃப்ரிட் அவளுடைய வெறுங்கைகளைப் பார்த்தாள்.

“இத்தன வருஷம் ஆச்சுடி உனக்கு” என்று சொல்லி, கதவை அகலத் திறந்தாள்.