ஐம்பது மைலில் நடுங்கிய கை

குறுக்கே வந்த எருமையைத் திட்டி முடித்துவிட்டு, அதை ஓட்டிவந்தவனைத் திட்டத் தொடங்கியிருக்கிறார் சவரிராயன். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, ஒரு கால் காருக்குள், ஒரு கால் தார்ச்சாலையில். பின்சீட்டில் இருப்பவர்கள் அவசரப்பட்டுப் பயனில்லை. திட்டு முழுதாக இறங்கிய பிறகுதான் கதவு சாத்தப்படும்.

தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே வாடகைக் கார்கள் நிற்கும் வரிசையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடத்தில் கோபப்படுவார், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கில், மற்ற இடங்களில் தமிழில். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. காக்கிச் சட்டைக்குள் கழுத்துக் கயிற்றில் மாதா சுரூபம். லாரிக்காரர்கள், நெடுஞ்சாலைத் துறை, ஜன்னல் வழியே வெற்றிலை துப்பும் பிரயாணி என்று எல்லோருக்கும் அவரிடம் ஒரே நீதிதான். ஆனால் வண்டி வேகம் பிடித்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். “வண்டி பேசுறப்போ நாமளும் பேசினா, அது சொல்றது எப்படிங்க காதுல விழும்?” என்பார்.

வண்டி அவருடையதல்ல, காரிமங்கலம் ஜானகியம்மாளுடையது. கணவர் போன பிறகு மானாவாரி நிலத்தையும் இந்தக் கறுப்பு அம்பாசடரையும் ஒரே அதட்டலில் நிர்வகிக்கும் அம்மாள். கார் வந்த நாளிலிருந்து சவரிராயன்தான் டிரைவர். அந்த வண்டியைத்தான் எழுபத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில், மதுவிலக்கு நீங்கிச் சாராயக் கடைகள் திறந்த சூடு ஆறுவதற்குள், அவர் கையிலிருந்து பிடுங்கினார்கள். அதுவும் எதற்காக என்று நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது மடல் சிவக்கிறது.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வந்தவர், கிருஷ்ணகிரி ரோட்டில் வண்டியை விரட்டினார். முள் ஐம்பது மைலைத் தொட்டதும் ஸ்டீரிங் உள்ளங்கைக்குள் உதறியது. நாற்பதுக்கு இறக்கினால் சாதுவாகிவிடும். அறுபதை நெருங்கினால் கொஞ்சம் அடங்கும். திரும்ப ஐம்பதுக்கு வந்தால் திரும்ப உதறல், முழங்கை வரைக்கும் ஏறும்.

சேலம் ரோட்டு மெக்கானிக் முனிராஜ் வண்டியைக் கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “நல்லாத்தானே இருக்குது” என்றார்.

“கடைத்தெருவுல உருட்டிப் பாத்துட்டு நல்லாருக்குதுங்கறியே, இது என்ன தள்ளுவண்டியா? ரோட்டுக்கு வாய்யா! ஐம்பதுக்கு வா!”

முனிராஜ் ரோட்டுக்கு வரவில்லை. முன்சக்கரங்களின் இணைப்புகளை இறுக்கி, ஒன்றிரண்டை மாற்றி அனுப்பினார். உதறல் அப்படியே இருந்தது. “ஸ்டீரிங் பாக்ஸே போச்சு” என்று சவரிராயன் மாதாவின் மேல் சத்தியம் செய்தார். இரண்டு பேர் சொன்னதும் தப்பு.

இந்தச் சமயத்தில்தான் ஜானகியம்மாளின் தம்பி குப்புராஜ் ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். புளி மண்டி வைத்திருப்பவர். சலவைக்காரர் கை படாத வேட்டி கட்டமாட்டார். டிரைவரின் இரண்டு கைகளும் கிடுகிடுவென்று ஆடுவதை வழியெல்லாம் பார்த்தார். வீட்டில் இறங்கி அக்காளிடம் சொல்லிவிட்டார்: “சாராயக் கடையைத் திறந்ததும் திறந்தாங்க, உன் டிரைவர் கையைப் பாரு.”

ஜானகியம்மாள் சவரிராயனை வாசலில் நிறுத்தினார்.

“சவரி, கையை நீட்டு.”

“எதுக்குங்கம்மா?”

“நீட்டுன்னா நீட்டு.”

காரணம் புரிந்ததும் அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. பூசையில் சாமியார் அருந்தும் திராட்சை ரசத்தைக்கூட மோந்து பார்த்திராத மனிதர். நீட்டிய கைகள் ஆத்திரத்தில் நடுங்கின. அடக்க அடக்க அதிகமாக நடுங்கின.

“நானே பாத்துட்டேன். இனி என்ன பேச்சு? சாவியை வெச்சுட்டுப் போ” என்றார் ஜானகியம்மாள்.

மறுநாள் மாரியப்பன் என்பவர் டிரைவராக வந்தார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். நாற்பதைத் தாண்டி அவர் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. ஆகவே ஸ்டீரிங் ஆடவில்லை. இதைவிட வேறு சாட்சி ஊருக்கு வேண்டுமா? டிரைவரை மாற்றியதும் நடுக்கம் நின்றுபோயிற்று என்று கார் ஸ்டாண்டில் சொல்லிச் சிரித்தார்கள். பங்குச் சாமியார்கூடப் பூசை முடிந்ததும் தோளில் கை போட்டு, “குடியை விட்டுடறேன்னு மாதா முன்னால ஒரு வார்த்தை கொடு சவரி” என்றார்.

“குடிக்காதவன் எதைங்க சாமி விடறது?”

அன்றைக்கு மாதா கோவில் வாசலில் அவர் போட்ட சத்தத்தில் பாட்டு வகுப்புக் குழந்தைகள் பாதியில் நிறுத்திவிட்டன. சத்தம் போடுவதே குடித்ததற்கு அடையாளம் என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. அமைதியாக இருந்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். என்னதான் செய்வது ஒரு மனிதன்?

வீட்டில் அவர் வேலையற்று உட்கார்ந்திருந்தபோது மனைவி புஷ்பமேரி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். ராட்டினத்தின் ஓரம் ஒரு பக்கம் உடைந்திருந்தது. மெதுவாக இழுத்தால் சத்தமில்லை. வேகமாக இழுத்தால் கயிறு குதித்தது, குறுக்குக் கட்டையே அதிர்ந்தது.

“இன்னொரு தடவை வேகமா இழு.”

“வேற வேலை இல்லையா உங்களுக்கு? வேணும்னா நீங்க வந்து இழுங்க.”

அவரே போய் இழுத்தார். மெதுவாக, வேகமாக, மெதுவாக. ராட்டினத்தைப் பிடித்திருக்கும் கட்டை மேல் குற்றமில்லை, குற்றம் சுற்றுகிற பொருளில். ஸ்டீரிங்கை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் காரிமங்கலத்துக்குப் பஸ் ஏறினார்.

ஜானகியம்மாள் களத்தில் அவரைக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். சவரிராயனைக் கண்டதும் முகம் கடுத்தது. “வேலை கேட்டு வந்தியா?”

“வேலை கெடக்குதுங்க. மருமகளைப் பிரசவத்துக்குச் சேலம் கூட்டிட்டுப் போகப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். நடுவழியில வலி கண்டா மாரியப்பனை நாற்பதுலயா போகச் சொல்வீங்க? விரட்டுன்னுதான் சொல்வீங்க. அது தொப்பூர் மலை ரோடு. பழக்கமில்லாத கையில ஸ்டீரிங் உதறுச்சுன்னா என்ன ஆகும்? எம்மேல கோவம் இருக்கட்டும். அதைப் பாக்காம அந்த வண்டியில மட்டும் பொண்ணை ஏத்தாதீங்க.”

அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். “எடு வண்டியை. நானும் வர்றேன்.”

“பின்னாடி வேணாம். முன்னாடி உக்காருங்க.”

சொந்தக் காரில் அம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பின்சீட்டில் மாரியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கினார். நேரான சாலை வந்தது. இருபுறமும் புளியமரங்கள் பின்னோக்கி ஓடின. நாற்பது. நாற்பத்தைந்து. முள் ஐம்பதைத் தொட்டது.

“அம்மா, இந்த ஓரத்தைப் புடிங்க.”

“நானா?”

“புடிங்க!” வருஷக்கணக்கில் அவர் முதலாளியை அதட்டியது அந்த ஒரு தரம்தான்.

ஜானகியம்மாள் ஸ்டீரிங்கின் ஓரத்தைப் பற்றினார். வளையல்கள் கலகலவென்று அடித்துக்கொண்டன. மணிக்கட்டு, முழங்கை, தோள் வரை அதிர்ந்தது.

“இப்ப யாரு கைங்க நடுங்குது?” என்று கேட்டார் சவரிராயன். “சொல்லுங்க. நீங்க எந்தக் கடையில குடிச்சீங்க?”

மாரியப்பன் பின்னால் இருந்து, “நான் இந்த வேகத்துக்கு வந்ததே இல்லீங்களே” என்று முனகினார்.

வண்டியை மரத்தடியில் ஒதுக்கினார். ஜாக்கியைக் கொடுத்து, முன்சக்கரம் இரண்டையும் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் பூட்ட இரண்டு டிரைவர்களுமாக வியர்த்தார்கள். அம்மாளைப் பின்சீட்டில் உட்காரவைத்து மறுபடி ஐம்பதுக்குப் போனார். ஸ்டீரிங் அசையவில்லை. பின்சீட்டிலிருந்து, “இங்க ஆடுதே! இடுப்பே ஆடுதே!” என்று அம்மாளின் குரல் வந்தது.

“சக்கரம் போன எடத்துக்கு நோவும் போயிருக்குது. ஸ்டீரிங் பாக்ஸ்னு சத்தியம் பண்ணேன் நான், அது என் புத்தி. இதுல என் கைக்கு வேலையே இல்லைங்க.”

இறங்கி, பின்னால் போன அந்த இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றிவிட்டார். ஒரு குச்சியை இரும்பு விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தார். முதல் சக்கரம் குச்சியைத் தொடாமல் சுற்றியது. அடுத்தது ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து அடித்துவிட்டுப் போனது. கழற்றிப் புரட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத உள்பக்கத்து விளிம்பு மடங்கி, அதன் மடிப்பில் வெள்ளைச் சாயம் ஒட்டியிருந்தது.

“இது பாலத்துக் கட்டைச் சுவருக்கு அடிக்கிற சாயமுங்க. சக்கரம் அது மேல ஏறி இறங்கியிருக்குது. நான் எந்தப் பாலத்துலயும் இடிக்கலை. நான் இல்லாதப்ப வண்டியை யாரு எடுத்தது?”

ஜானகியம்மாள் ரோட்டைப் பார்த்தார். சவரிராயன் கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது, நல்லம்பள்ளியில் ஒரு கல்யாணம் என்று குப்புராஜ்தான் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் எதையும் சொல்லவில்லை. எது இடித்ததென்று தெரிந்தவர், எதனால் நடுங்குகிறதென்று தெரிந்தவர், அந்த நடுக்கத்தை இன்னொருவர் கையில் ஏற்றிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு இறங்கிப்போயிருக்கிறார்.

“தெரிஞ்சே சொல்லியிருக்கான்” என்றார் அம்மாள்.

ஸ்டெப்னியைப் பூட்டி ஓட்டினார்கள். ஐம்பதிலும் வண்டி தண்ணீரில் போவது போலப் போயிற்று. “சாவி உங்கிட்டயே இருக்கட்டும்” என்றார் ஜானகியம்மாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. மாரியப்பனைத் தன் டிராக்டருக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். சவரிராயன் காரிமங்கலத்துக்குத் திரும்பாமல் நேராகத் தருமபுரிக்கு விட்டார். பின்சீட்டிலிருந்த அம்மாளும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் குப்புராஜ் நாலு பேருக்கு நடுவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கார் ஸ்டாண்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது; வரப்போகும் வசவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டது. சவரிராயன் இறங்கினார். டிக்கியைத் திறந்து, மடங்கிய சக்கரத்தை எடுத்துத் தரையில் வைத்து, நிதானமாக உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சேறும் கிரீஸுமாக இருந்த அந்தச் சக்கரத்தை, அடிபட்ட பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி, குப்புராஜின் வெள்ளை வேட்டி மடியில் சாய்த்து வைத்தார்.