அழிகிற லெட்டைத்தான் கேட்டு வாங்கினேன்

ஒரு மனிதரின் சாவுக்கு நான் காரணம். அதற்காக நான் செய்த முதல் வேலை, கடைக்குப் போய் என் பென்சிலுக்கு மிருதுவான லெட் வாங்கியது.

சிரிக்காதீர்கள்! லெட்டால் ஆள் சாவானா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு இத்தனை நாள் தப்பித்தேன். இனி முடியவில்லை. முழுதும் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் நினையுங்கள்.

சேர்வராயன் மலையில், வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் எத்தனை, மழை எத்தனை என்று எழுதுவது என் வேலை. எஸ்டேட்டின் மேல்கோடியில் மண்ணைத் தாங்க ஒரு கல் தடுப்புச்சுவர் இருந்தது. அதற்கு நேர் கீழே ஒரே ஒரு வீடு. அதில் சடையன் அண்ணனும் அவர் மனைவி ராமாயி அக்காவும் குடியிருந்தார்கள். அண்ணனுக்கு இரவுக் காவல். பகலில் வீட்டில் படுத்துத் தூங்குவார். அக்கா காப்பிப் பழம் பறிக்கப் போவார்.

அந்தச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. சேலத்திலிருந்து ஒரு என்ஜினீயர் வந்து பார்த்தார். விரிசலுக்குக் குறுக்கே சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டார். அந்த இடத்தில் அதன் அகலத்தைத் திங்கட்கிழமைதோறும் அளந்து எழுத வேண்டியது என் பொறுப்பு.

"பேனா வேண்டாங்க, பனியில மை ஊறிப்போகும். டூ எச் லெட் போட்டு எழுதுங்க ரைட்டர். கெட்டி லெட், அழுத்தி எழுதினா காகிதத்துலயே பதிஞ்சிடும். தப்பாப் போனா ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு மேல எழுதுங்க. ரப்பரைக் கையில தொடக்கூடாது" என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "ஒரே வாரத்துல மூணு மில்லிக்கு மேல ஏறுச்சுன்னா அன்னிக்கே ஊட்டைக் காலி பண்ணிடணுங்க."

ஸ்டோருக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது. நான் எழுதும் ஓர் எண் போதும், அந்த இரண்டு உயிர்களும் அங்கே போய்விடும். இவ்வளவு எளிய வேலை!

நான்கைந்து மாதம் ஒழுங்காகத்தான் எழுதினேன். பிறகு மழைக்காலம் வந்தது. அரைமணி நேரம் ஏற வேண்டும், வழியெல்லாம் அட்டை, எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை. காய்ச்சலா? இல்லை. வேறு வேலையா? அதுவும் இல்லை. சோம்பல்... வேறு பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆபீசில் உட்கார்ந்தபடியே முந்தைய வார எண்ணை அப்படியே எழுதினேன். பன்னிரண்டு மில்லி. டூ எச் லெட் வழக்கம்போல் ஆழப் பதிந்தது. தாளைத் திருப்பித் தடவினால் விரலுக்கே அந்தப் பொய் தட்டுப்பட்டது. இனி அதை அழிக்க முடியாது என்று பயம் வந்தது.

அந்தப் பயத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? மறுநாளே மலையேறி உண்மையை அளந்திருக்க வேண்டும். நானோ மறுநாள் பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போய், ஸ்டேஷனரிக் கடையில் டூ பி லெட் கேட்டேன்.

கடைக்காரர் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "டூ பி-ங்களா? இது சின்னக் கொழந்தைங்க படம் வரையறதுக்குங்க. ரப்பர் பட்டா இருந்த எடமே தெரியாது. எஸ்டேட் வேலைக்குன்னா கெட்டியா எடுத்துக்குங்க."

"மழைக்காலமுங்க. நமுத்த தாளைக் கெட்டி லெட் கிழிச்சுப்போடுதுங்க" என்றேன்.

அது உண்மைதான்! டூ எச் நனைந்த காகிதத்தைக் கிழிக்கும். ஆனால் நான் அதற்காகவா வாங்கினேன்? இருந்த இடமே தெரியாது என்று அவர் சொன்னாரே... அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் வாங்கினேன்.

அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் போகவில்லை. பன்னிரண்டு, பன்னிரண்டு என்று டூ பி-யில் எழுதினேன். பூப்போல எழுதியது. போய் அளக்கும் அன்று சரிசெய்துகொள்ளலாம் என்று என்னையே ஏய்த்துக்கொண்டேன்.

நான்காவது திங்கட்கிழமை போனேன். மழை விட்டிருந்தது, காற்றே இல்லை. ஸ்கேலை வைத்தேன். பத்தொன்பது.

மறுபடி வைத்தேன். பத்தொன்பது!

கீழே வந்தபோது ராமாயி அக்கா வாசலில் நின்றிருந்தார். "ஏனுங்க ரைட்டருங்க, மூணு வாரமா ஆளையே காணமுங்க? ஒடம்பு கிடம்பு சொகமில்லீங்களா?"

"காய்ச்சலுங்க அக்கா."

"அடப்பாவமே! உக்காருங்க, சூடாக் காப்பி வெக்கறன்." உள்ளே போனவர் அங்கிருந்தே சொன்னார்: "செவுத்து ஓட்டையில எப்பவும் தண்ணி சொட்டிக்கிட்டே இருக்குமுங்களா, போன வாரத்தோட நின்னுபோச்சுங்க. நொம்ப நல்லதுதானுங்களே?"

இவ்வளவு மழைக்கும் தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் எங்கே நிற்கிறது? சுவருக்குப் பின்னால்தானே! இது எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். உள்ளே கட்டிலில் சடையன் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டுக்குப் பின்னால் பத்தொன்பது என்று எழுதினால் என்ஜினீயர் என்ன கேட்பார்? நடுவில் மூன்று வாரம் நீ எங்கே போனாய் என்றுதானே? வேலை போகும், மானம் போகும்... இதை நினைத்தேனே தவிர, பத்தடி தள்ளிப் படுத்திருந்த ஆளை நினைக்கவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் அழித்தேன். டூ பி சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு இழுப்பில் தாள் வெளுத்தது. பன்னிரண்டு இருந்த இடங்களில் பதின்மூன்று, பதினான்கு. இன்றைக்குப் பதினைந்து. வாரம் ஒரு மில்லி, ஒரே சீராக! மீதியை வரும் வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். என் மடியில் உதிர்ந்த ரப்பர் தூளை, காப்பி கொண்டுவந்த அக்காதான் முந்தானையால் தட்டிவிட்டார்.

அடிவாரத்துக்கு மேலே பாறை விழுந்து பாதை அடைபட்டிருந்ததால் என்ஜினீயரால் மலைக்கு வர முடியவில்லை. அங்கிருந்தே பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் அடித்தது.

"மெதுவாத்தான் ஏறுது, பரவால்ல. ஆனா இந்த மழையில ஒரு வாரம்கூடத் தவறாம போனீங்களா? அங்க குடியிருக்கறவங்ககிட்ட போனைக் குடுங்க."

கொடுத்தேன். எதிர்முனைக் கேள்வி எனக்கும் கேட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "தவறாம வராருங்க. வாரா வாரம் வந்து அளந்துட்டுத்தானுங்க போறாரு."

போனைக் கையால் பொத்தித் திருப்பித் தந்து, "காய்ச்சக்காரரைப் போய்க் காட்டிக்குடுப்பனுங்களா?" என்றார்.

பாதை சரியானதும் வருகிறேன், அதுவரை யாரும் பயப்பட வேண்டாம் என்றார் என்ஜினீயர். அந்தக் காப்பியை நான் குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்...

வியாழக்கிழமை, உச்சி நேரம். மழைகூட இல்லை. லாரி கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வீட்டுக்கு மேலிருந்த சுவரும் இல்லை, வீடும் இல்லை. செம்மண் நீர் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து ஓடிவந்த ராமாயி அக்கா கூடையை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே மண்ணைக் கையால் பறித்தார். சடையன் அண்ணனைக் கட்டிலோடுதான் எடுத்தோம்.

விசாரிக்க வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். "சீராத்தான் ஏறியிருக்கு. இப்படி ஆகும்னு யாரு கண்டா?" என்று மூடிவைத்தார்கள். நான் கண்டேன்! பத்தொன்பதைக் கண்டேன்! புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் உங்களிடம் வந்திருக்க மாட்டேனோ என்னவோ. இனிச் சொல்லப்போவதுதான் என்னை அரிக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் காலையில் அக்கா ஆபீசுக்கு வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கறன், மறைக்காமச் சொல்லுங்க ரைட்டருங்க. அன்னிக்கி போன்ல நான் பொய் சொன்னனுங்களே... நெசத்தைச் சொல்லியிருந்தா அவரு பொழைச்சிருப்பாருங்களா?"

அவர் பொய்யால் அல்ல, என் பொய்யால் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். புத்தகம் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து, இங்கே பத்தொன்பது இருந்திருக்க வேண்டும் அக்கா என்று காட்டியிருக்க வேண்டும்.

"நடந்தது நடந்துபோச்சுங்க அக்கா. அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்றேன்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. புரிந்தும் பேசாமல் இருந்தேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்க" என்றார். "சேர்வராயன் சாமி முன்னால சொல்லிட்டு வந்துட்டனுங்க. அந்தப் பொய்யைச் சொன்னது ஒரு திங்கக்கெழமை. இனி உசுரு இருக்கறவரைக்கும் திங்கக்கெழமை பச்சத்தண்ணி பல்லுல படாதுங்க."

இப்போது நான் டூ எச்தான் வாங்குகிறேன். மிச்சம் நிற்கும் சுவரைத் திங்கட்கிழமைதோறும் போய் அளக்கிறேன். எண்கள் அழுத்தமாகப் பதிகின்றன. அதனால் என்ன? அந்தப் பழைய பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன். அளக்காமல் எழுதிய முதல் பன்னிரண்டு மட்டும் விரலில் படுகிறது. அதற்குப் பிறகான இடமெல்லாம் வழவழவென்று இருக்கிறது.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் யாரோ. நாளைக்கு நீங்கள் என் முன்னால் கூடையோடு வந்து நிற்கப்போவதில்லை. இதுவும் ஒரு கோழைத்தனம்தான், தெரிந்தே செய்கிறேன்.

இன்று திங்கட்கிழமை. அளக்கப் போகிற வழியில் ராமாயி அக்காவைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. பழம் பறித்துக்கொண்டே, "சாப்டீங்களா ரைட்டருங்க?" என்று கேட்டார்.

சாப்பிட்டிருந்தேன்.