லேடி என்ற பட்டப்பெயர்

அந்த பேக்கரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'லேடி' என்பார்கள். சேர்ந்த புதிதில் அடுப்புக்காரர், "ஏய், அந்த மாவை இப்படித் தள்ளு" என்று அதட்டியதற்கு, "லேடீஸ்கிட்ட பேசற மாதிரி பேசுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். போதாதா? அன்றிலிருந்து, "லேடி வந்தாச்சு, வழி விடுங்கப்பா", "லேடி, அந்த மூட்டையைப் பிரி" என்று ஒரே நக்கல். முழங்கை வரை மாவு அப்பிக்கொண்டு நிற்கிறவளை லேடி என்று சொல்வதில் அந்த ஆம்பளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஆனால் மாவு அவள் சொன்னபடி கேட்கும். அதில் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. மழை நாளில் அவளாகவே தண்ணீரைக் குறைப்பாள். மெஷின் பிசைந்து போட்டதில் ஒரு துண்டைக் கிள்ளி, வெளிச்சத்தில் பிடித்து இழுப்பாள். கிழியாமல் மெல்லிசாக விரிந்தால்தான் அடுப்புக்கு விடுவாள்.

மாவு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் வயசாகி மகன் வீட்டோடு போய்விட்டார். கடைசி மாதங்களில் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வேலை முழுக்க இவள் தலையில்தான். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டே விட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"வேலையில குறை சொல்லலம்மா. ஒரு பொம்பளையப் போய் மாஸ்டர்னு எப்படிக் கூப்பிடறது? சிரிப்பாங்க. அடுப்புக்காரரோட மச்சானை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தாள். அந்தச் சத்தத்திலேயே கணவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். அவருக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. தைக்கிற புத்தகத்தைத் தைக்குமுன் ஒரு கண் மேய்ந்துவிடுகிற ஆள். மீதியையும் கேட்டுவிட்டு மனுஷன் சிரித்தார்.

"என்னங்க சிரிப்பு? எனக்கு இங்க பத்திக்கிட்டு வருது."

"இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு புத்தகம் தைக்கிறோம். இங்கிலீஷும் ஜெர்மனும் அக்கா தங்கச்சி மாதிரியாம். பழைய இங்கிலீஷ்ல 'ஹ்லாஃப்'னா ரொட்டி. கூட இருக்கற 'டிகே'ன்னா பிசையறவ. ரெண்டும் சேர்ந்து, தேஞ்சு தேஞ்சு என்ன ஆச்சு தெரியுமா? லேடி!"

"சும்மா தேத்தாதீங்க."

"சத்தியமா. ரொட்டியைக் காவல் காக்கறவன்தான் லார்டு. அவங்களை அண்டிப் பிழைக்கறவனுக்குப் பேரு 'ரொட்டி தின்னி'."

"அப்ப நீங்க யாரு?"

அவள் கொண்டுவந்த ரொட்டியில் இன்னொரு துண்டைப் பிய்த்துக்கொண்டே, "இதுல சந்தேகம் வேறயா?" என்றார்.

சிரித்துவிட்டாள். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் மாவு இருந்தது. பெருமையாக இருந்தது அவளுக்கு.

மறுநாள் ஒரே மழை. உள்ளே நுழைந்ததும், "லேடி வந்தாச்சு" என்றார் அடுப்புக்காரர். மேஜையில் மச்சான் மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இவள் நேரே முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"பேருதானே உங்களுக்குச் சிக்கல்? அதை அடுப்புக்காரர் எப்பவோ வெச்சுட்டார். லேடின்னா ரொட்டிக்கு மாவு பிசையற பொம்பளைன்னு அர்த்தம். இங்கிலீஷ்காரங்க பெரிய வீட்டு எஜமானிக்கு வெச்ச பேரு. மாஸ்டர்னு கூப்பிட வேணாம், அந்தப் பேரே போதும். மேஜையை மட்டும் குடுங்க."

முதலாளி அடுப்புக்காரரைப் பார்த்தார். அடுப்புக்காரர் மச்சானின் மாவில் விரலை விட்டுப் பார்த்தார். கையோடு கூழ் மாதிரி வந்தது. அதை அடுப்பில் வைத்தால் கெடப்போவது அவர் பேர்தான்.

"லேடி," என்றார், குரலை இறக்கி. "கொஞ்சம் பதம் பார்த்துச் சொல்லுங்க."

பேர் என்னவோ அதேதான். கடைசியில் ஒட்டிய அந்த 'ங்க' மட்டும்தான் புதுசு. முதலாளியும் தலையை ஆட்டினார். அவள் மச்சானை நகரச் சொல்லிவிட்டு, மாவில் கை வைத்தாள்.