சைக்கிள் கொட்டகையில் விழுந்த மூட்டைகள்

புதியம்புத்தூரில் துணி எரிகிற வாடை எல்லோருக்கும் பழகிவிட்டது. அப்துல் சுபஹான் மகள் சாஜிதாவுக்கு மட்டும் பழகவில்லை. அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தையல். ரெடிமேட் உடுப்புக்கு வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுத் துணி நாள்தோறும் மூட்டை மூட்டையாக வெளியே வரும். ஓடைப் பக்கம் கொட்டித் தீ வைப்பார்கள். பருத்தி எரிந்தால் சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் உருகித் தார் மாதிரி ஒழுகும். அந்தப் புகை தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அன்றைக்குச் சாப்பிடுகிற சோறெல்லாம் அதே ருசிதான். மழை பெய்த பிறகு அந்தப் பக்கம் நடந்தால் கரிசல் சேறும் பாதி எரிந்த நூலும் சேர்ந்து செருப்பில் அப்பிக்கொண்டு வரும்.

சாஜிதா ப்ளஸ் ஒன் படிக்கும்போது, காலாண்டுப் பரீட்சை நடந்த ஒரு காலையில் அந்தப் புகை வகுப்புக்குள் வந்தது. கண் எரிந்து கேள்வித்தாள் தெரியவில்லை. பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினார்கள். இவள் பேப்பரைக் கொடுத்த கையோடு தலைமையாசிரியை அறைக்குப் போய், துண்டுத் துணியை எரிக்காமல் பிரித்து வைக்க, பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடந்த சைக்கிள் கொட்டகையைத் தரும்படி கேட்டாள். அவளுடைய வாப்பா பதினெட்டு வருஷமாகச் சட்டைப் பொத்தானுக்குக் காஜா அடிக்கிறவர். முதலாளியிடம் அவர் நிமிர்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளை யாரானாலும் முகத்தைப் பார்த்துத்தான் பேசும்.

எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பருத்தி ஒரு குவியல், பாலியஸ்டர் ஒரு குவியல், பால் கவர் என்றால் கழுவிக் காயவைத்துத்தான் வாங்குவது. பருத்தித் துண்டுகள் தூத்துக்குடி லாரிப் பட்டறைகளுக்குக் கை துடைக்கப் போயின. பாலியஸ்டர் தலையணைக்குள் அடைக்கப் போனது. பால் கவரைப் பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர் எடுத்துக்கொண்டார். என் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தக் கொட்டகை. என் தையல் மெஷினும் ஜன்னலோரம்தான். மூன்று மாதத்தில் ஓடைப் பக்கம் புகை பாதியாகக் குறைந்தது.

அப்புறம் லிங்கராஜ் வந்தார். ஊரில் பெரிய தையல் யூனிட் வைத்திருக்கிறவர். எனக்கும் வீட்டிலிருந்து தைக்கத் துணிக்கட்டு அவரிடமிருந்துதான் வரும். பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுத்து, கொட்டகை வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார். அதில் அவர் முகம் அண்டா அளவு இருந்தது. பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒரு மூலையில் இருந்தார்கள். சாஜிதாவின் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் கொட்டகை வாசலில் மூட்டைகள் கிடந்தன. முதலில் எல்லாம் துணி. பிறகு மேலே மட்டும் துணி. உள்ளே கைக்குழந்தைகளின் டயபர், கோழிக் குடல், மீன் செதில், சீப்பில் சுற்றிய முடி. மழையில் ஊறித் துணியும் மலமும் ஒன்றாகிக் கிடக்கும். ஒருநாள் சாஜிதா முடிச்சை அவிழ்த்ததும் வெள்ளைப் புழு ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறியது. சுவரோரம் போய் வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அதே மூட்டையின் முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். சொந்த வாசலைத் தண்ணீர் தெளித்துக் கூட்டிக் கோலம் போடுகிற ஊர் இது. பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் மலத்தை வீச மட்டும் கை கூசவில்லை.

குழாயடியில் பெண்கள், குப்பைக் கலெக்டர் வருகிறாள் மூக்கைப் பொத்துங்கள் என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். வீடுகளில் தடுக்கத் தடுக்கப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியில் சாஜிதாவும் முத்துச்செல்வியும்தான் மிச்சம். ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் நாற்றம் போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் அங்கேயே எரித்துவிட்டுக் கொட்டகையைப் பூட்டிவிடுவதாக. பூட்டுவதைவிட எரிப்பதைக் கேட்டுத்தான் சாஜிதாவுக்கு முகம் செத்துப்போனது. அவள் பரீட்சை எழுதிய அதே வகுப்பின் ஜன்னலுக்குக் கீழேதான் எரிப்பார்கள்.

சனிக்கிழமை காலையில் ஒரு துண்டுத் துணியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் படிக்கு வெளியே வந்து நின்றாள்.

"உள்ள வரல அக்கா, நாறுதேன். இது எந்த யூனிட்ல வெட்டுனதுன்னு தெரியுதா?"

மஞ்சள் துணி, நீல வாத்துப் படம் போட்டது. அதே வாத்து என் மடியில் கிடந்தது. இரண்டு வாரமாக லிங்கராஜ் யூனிட்டுக்குக் குழந்தைக் கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு யூனிட்டும் தனித்தனியாகத் துணி வாங்கும். தைக்கிறவர்களுக்குத் துண்டைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்துவிடும். தெரிந்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள், அடுத்த கட்டு வராது. மடியில் கிடந்த கவுனை எடுத்து அவள் துண்டுக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

அவள் இரண்டையும் பார்த்தாள். கவுனைத் தொடவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லல அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க அவளும் முத்துச்செல்வியும் எல்லா மூட்டைகளையும் பிரித்தார்கள். பதினாலு மூட்டையில் பதினொன்றில் வாத்து. அவற்றில் மூன்றில் சைஸ் நம்பர் எழுதிய காகிதத் துண்டுகளும் இருந்தன. துணியை அடுக்கி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் ஒவ்வொரு அடுக்கிலும் வைப்பது அது. லிங்கராஜ் யூனிட் மாஸ்டர் குருசாமியின் கையெழுத்து, ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவார். கிழித்துப் போட யாருக்கும் தோன்றவில்லை. மலத்துக்குள் கைவிட்டு ஒருத்தி தேடுவாள் என்று யார் நினைத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்கு வெளியூர் வியாபாரிகள் வருகிற நாள். தைத்து முடித்த கவுன்களைக் கொடுக்க நானும் போயிருந்தேன். சாஜிதாவும் முத்துச்செல்வியும் தள்ளுவண்டியில் பதினொரு மூட்டைகளையும் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். லிங்கராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏட்டி, என்னட்டி இது? யாவாரிய இருக்கும்போது பீ மூட்டைய கொண்டாந்து இறக்குதிய?"

"உங்களுதுதான் அண்ணாச்சி. எங்ககிட்ட வந்து சேந்துட்டு."

"வெட்டுத்துணி ஊரெல்லாம் கிடக்கு. இதுல எம்பேரா எழுதிருக்கு?"

சாஜிதா காகிதத் துண்டுகளை நீட்டினாள். "குருசாமி அண்ணாச்சி எழுதிருக்காவ."

முத்துச்செல்வி சிரிக்காமல் சேர்ந்துகொண்டாள். "பிரிச்சித்தான் கொண்டாந்திருக்கோம் அண்ணாச்சி. டயபர் தனி, குடல் தனி."

உள்ளே வெட்டு மேஜையில் குருசாமி தலையை நிமிர்த்தவே இல்லை. கவுன் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மதுரை வியாபாரி அதைக் கீழே வைத்துவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் லிங்கராஜுக்கு முகம் மாறியது. அப்போதும் வெட்கப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் குப்பை சேகரிக்கிற திட்டமே தாம் நடத்துவதுதான், பிள்ளைகள் ஆர்வத்தில் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று வியாபாரிகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். வேலையாட்களைக் கூப்பிட்டு மூட்டைகளை எடுக்கச் சொன்னார். மத்தியானம் ஓடைப் பக்கம் புகை எழுந்தது. துணிப்புகையைவிட டயபர்ப் புகை மோசம். அது வாயில் இனிக்கும்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை வந்தபோது இரண்டு பிள்ளைகளும் கொட்டகையை ஃபினாயில் விட்டுக் கழுவியிருந்தார்கள். மோந்து பார்த்துவிட்டுப் பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்த வாரத்திலிருந்து எனக்குக் கட்டு வரவில்லை. என் ஜன்னல் எதைப் பார்த்திருக்கிறது என்று லிங்கராஜுக்குத் தெரியும். இப்போது வேறொருவருக்குத் தலையணை உறை தைக்கிறேன். பத்து நாள் கழித்துக் கொட்டகை வாசலில் புது ஃப்ளெக்ஸ் தொங்கியது. கொட்டகையைச் சுத்தம் செய்து கொடுத்ததற்காக லிங்கராஜுக்கு நன்றி என்று. இந்த முறை சாஜிதாவின் தலை வெட்டுப்படவில்லை. அவள் அதில் இல்லவே இல்லை.

பள்ளி விட்டதும் அவள் வந்து கயிற்றை அவிழ்த்து அதை இறக்கினாள். பருத்திக் குவியலைப் பார்த்தாள், பாலியஸ்டரைப் பார்த்தாள், பால் கவர்ச் சாக்கைப் பார்த்தாள். பிறகு என் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இது எதுலயும் சேராது அக்கா."

லிங்கராஜின் முகம் மண்ணில் படும்படி அதைக் கொட்டகைத் தரையில் விரித்தாள். மறுநாள் காலையில் வாசலில் இரண்டு மூட்டைகள் கிடந்தன. இரண்டையும் தூக்கி அதன்மேல் வைத்து, முதல் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தாள்.